கரண்ட் வந்த முதல் ஐந்து நிமிடம்

"கரண்ட் அடிக்கடி போறதாலதான் கம்ப்யூட்டர் கெட்டுப்போகுது" என்று பர்மாவில், இங்கே யாங்கோனில் எல்லோரும் சொல்வார்கள். என் மேசைக்கு வந்த பெட்டிகளைத் திறந்து பார்த்த வரையில், போன கரண்ட் கெடுத்ததைவிட வந்த கரண்ட் கெடுத்ததுதான் அதிகம். போகும்போது சேமிக்காமல் விட்ட கோப்பு போகும், மிஞ்சினால் விண்டோஸ் ஒரு தடவை முரண்டு பிடிக்கும். வரும்போதுதான் எஸ்.எம்.பி.எஸ், அதாவது சுவர்க் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி, போகிறது. சில சமயம் அது போகிற வழியில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

காரணம் நம் கட்டடங்களிலேயே இருக்கிறது. நகருக்குள் ஆறு மாடி, எட்டு மாடிக் குடியிருப்புகளில் மேலே தண்ணீர் ஏற்ற வீட்டுக்கு ஒரு மோட்டார். முறை வைத்துக் கரண்ட் விடுகிற காலத்தில், விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் "மீ லா பி!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்தி முடிப்பதற்குள் தெருவில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாக ஓடத் தொடங்கும். கூடவே ரைஸ் குக்கர், ஏசி, இன்வெர்ட்டர் சார்ஜ். 230 வோல்ட் இருக்க வேண்டிய சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 170, சில தெருக்களில் அதற்கும் கீழே காட்டும். தொட்டி நிறைந்து மோட்டார்கள் ஒவ்வொன்றாக நிற்க நிற்க, அதே மீட்டர் மளமளவென்று ஏறி 250ஐத் தாண்டவும் செய்யும். பெரிய மின்மாற்றிக்குப் பக்கத்து வீடுகளில் ஏற்றம் அதிகம், தெருக்கோடி வீடுகளில் இறக்கம் அதிகம்.

இதைவிட மோசம், வந்து இரண்டு நொடியில் போய் மறுபடி வருகிற கரண்ட். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். சுவிட்ச் போட்ட கணத்தில் அது காலியாக இருப்பதால் பெருமளவு கரண்டை ஒரேயடியாக இழுக்கப் பார்க்கும். அதைத் தடுக்க வாசலில் ஒரு காவல்காரன்போல தெர்மிஸ்டர் என்ற சின்ன வில்லை நிற்கிறது. குளிர்ந்திருக்கும்போது அது கரண்டை மட்டுப்படுத்தி விடும். சூடானபின் தடை குறைந்து வழியை விட்டுவிடும். ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்று உடனே மறுபடி கரண்ட் வந்தால், தெர்மிஸ்டர் ஆறியிருக்காது. காவல் இல்லாத வாசலில் கூட்டம் புகுந்த கதைதான். ஃபியூஸ், டயோடு என்று வரிசையாகப் போகும். பட்டென்ற சத்தம், ஒரு கருகல் வாடை, அவ்வளவுதான்.

அதனால் என் வாடிக்கையாளர்களிடம் நான் முதலில் சொல்வது ரொம்பச் சாதாரணமான விஷயம். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வந்ததும் மோட்டார் சத்தமெல்லாம் அடங்கும்வரை பொறுங்கள், ஐந்து பத்து நிமிடம் போதும், அப்புறம் போடுங்கள். ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்கள் அதன் முகப்பில் 'டிலே' என்று ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். அதை நீண்ட நேரத்தில் வைத்தால், கரண்ட் வந்த பின் சுமார் மூன்று நிமிடம் கழித்துத்தான் வெளியே விடும். ஃப்ரிட்ஜுக்காக வைத்த பட்டன்தான், கம்ப்யூட்டருக்கும் உதவும். இன்னொன்று, மெயின் பெட்டியில் மாட்டுகிற வோல்டேஜ் புரொடெக்டர்: வோல்டேஜ் வரம்பைத் தாண்டினால் தானே துண்டித்து, சரியானதும் கொஞ்சம் பொறுத்துச் சேர்க்கும். ஸ்டெபிலைசரைவிட விலை குறைவு. காசுக்கு எது பிரயோஜனம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சர்ஜ் புரொடெக்டர் என்று எழுதியிருக்கிற நீளமான பிளக் பலகை மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இடி மின்னலில் வருகிற நொடிக்கும் குறைந்த எகிறலுக்கானது. வோல்டேஜ் மணிக்கணக்காக அதன் வரம்புக்கு மேலேயே நின்றால், உள்ளே எகிறலை விழுங்குகிற வேரிஸ்டர் என்ற வில்லையே சூடாகிக் கருகக்கூடும். எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற ஒயர்) இல்லாத சாக்கெட்டில் போட்டால் அதன் பாதி வேலை நடக்காது.

நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், கழன்ற வீட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நம் கட்டடங்களில் எல்லா வீட்டு மீட்டரும் கீழே படிக்கட்டு ஓரத்தில் வரிசையாக இருக்கும். கரண்டைக் கொண்டுவருகிற மூன்று பேஸும் ஒரே நியூட்ரலும் வந்து அங்கே பிரியும். அந்தப் பொது நியூட்ரல் முனை துருப்பிடித்துக் கழன்றால், ஒரு வீட்டில் விளக்கு மங்கும், பக்கத்து வீட்டில் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரியும். பளிச்சென்று எரிகிற வீட்டில்தான் ஆபத்து, வோல்டேஜ் 300ஐத் தாண்டி 400ஐ நெருங்கக்கூடும். அப்படி விளக்கு எரிந்தால் "இன்னிக்குக் கரண்ட் நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படாமல், ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். யோசிக்க அங்கே நேரம் இல்லை.

*

பர்மாவில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினால் ஜப்பான் செகண்ட்ஹேண்ட் சாமானைப் பற்றிப் பேசாமல் முடியாது. கார், சைக்கிள், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அங்கிருந்து வந்ததுபோல ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் வருகின்றன. தரம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்கத்தில் சின்னச் சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும்; அதில் 115 என்று தெரிந்தால் அதை 230க்குத் தள்ளின பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். தள்ளாமல் நம் கரண்டில் சொருகினால் வெடிச்சத்தமே கேட்கும். சுவிட்ச் இல்லாத பெட்டிகளில் லேபிளைப் படியுங்கள். '100–240' என்று இருந்தால் எங்கும் ஓடும். வெறும் '100' என்று மட்டும் இருந்தால் வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகக் கூடாது. கம்ப்யூட்டரைவிட, கூட வருகிற பிரிண்டரும் ஸ்பீக்கரும்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும், அவற்றின் லேபிளை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பெட்டிகளோடு வருகிற ஒயரைக் கவனித்திருக்கிறீர்களா? பிளக்கில் தட்டையாக இரண்டு கால், பக்கத்தில் ஒரு பச்சை ஒயர் வால் மாதிரித் தொங்கும். அது எர்த் ஒயர். ஜப்பானில் சாக்கெட்டுக்குக் கீழே தனியாக ஒரு திருகு இருக்கும், அதில் மாட்டுவார்கள். இங்கே அப்படித் திருகு இல்லாததால் பாதிப் பேர் அதை வெட்டிவிடுகிறார்கள், மீதிப் பேர் சும்மா தொங்க விடுகிறார்கள். அதன் முனையில் பித்தளைக் கொக்கி வெறுமையாக இருக்கும். அது ஆடிப்போய்ச் சாக்கெட் ஓட்டைக்குள் நுழைந்தால் கம்ப்யூட்டர் பெட்டி முழுதும் 230 வோல்ட். என்னிடம் வருகிற ஒவ்வொரு ஜப்பான் பெட்டிக்கும் அந்த ஒயரையே மாற்றி, மூன்று கால் பிளக் உள்ள ஒயர் போட்டுத்தான் அனுப்புகிறேன். பெட்டிப் பக்கம் எல்லாம் ஒரே அளவுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மூன்று கால் பிளக் போட்டும் சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால்? யாங்கோனில் பழைய வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதுக்குப் பின்னால் ஒயரே இருக்காது.

இங்கே தாம்வே பகுதியில் ஒரு அக்கா, வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர், போன் போட்டார். "தம்பி, பெட்டியத் தொட்டா சுள்ளுனு இருக்கு. துணி வச்சுத் தொட்டா ஒன்னுமில்ல. பேய் கீய் புடிச்சிருக்கா?" என்றார். போய்ப் பார்த்தேன். ஈரத் துடைப்பம் போட்ட டைல்ஸ் தரை, அவர் வெறுங்கால். டெஸ்டரைப் பெட்டியின் பின்பக்கத் திருகில் வைத்தால் மங்கலாக எரிகிறது. மீட்டரில் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே 110 வோல்ட்டுக்குப் பக்கத்தில். எஸ்.எம்.பி.எஸ்ஸில் எந்தக் கோளாறும் இல்லை, அதுதான் இதில் வேடிக்கை. கரண்டில் வருகிற இரைச்சலை வடிகட்ட அதன் வாசலில் இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும்: ஒன்று பேஸிலிருந்து பெட்டிக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவில், அதாவது 230இல் ஏறக்குறையப் பாதியில், மிதக்கும். கசிவு மில்லி ஆம்பியர் கணக்கில்தான் என்பதால் சுள்ளென்று இருப்பதோடு போகும். ஆனால் நாளைக்கு நிஜமாகவே உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து பெட்டியைத் தொட்டாலும் இதே இடத்தில்தான் கை வைப்பார்கள். அன்றைக்கு அது சுள்ளென்று போகாது.

அக்காவின் வீட்டுக்காரர் உடனே ஒரு யோசனை சொன்னார்: "மூணாவது ஓட்டைய நியூட்ரலோட சேர்த்துவிட்டா சரியாப் போயிடுமில்ல? போன தடவ வந்த ஒயர்மேன் அப்படித்தான் சொன்னான்." சரியாகப் போகும், சுள்ளென்பது நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் முனை கழன்றால் பெட்டி முழுக்கப் பேஸ் ஏறிவிடும், தொட்டவர் கதி அதோகதி. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் இப்போது பலிக்காது, பாதிக் குழாய் பிளாஸ்டிக்.

சரியான வழி, கீழே மண்ணில் எர்த் கம்பி இறக்கி அங்கிருந்து ஒயர் ஏற்றுவது. ஐந்தாம் மாடிக்கு அது செலவுதான். அந்தக் கட்டடத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து பங்கு போட்டுச் செய்தார்கள். அது முடியாதவர்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்றையாவது மெயினில் போடுங்கள். எர்த் ஒயர் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும்: பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இல்லை என்று கண்டால், உங்கள் உடம்பு வழியாகத்தான் கசிகிறது என்றாலும், கண்மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும். சுள்ளென்பது மட்டும் நிற்காது.

இதே மிதக்கிற வோல்டேஜ்தான் எச்.டி.எம்.ஐ ஓட்டையைச் சுடுவதும். எர்த் இல்லாத கம்ப்யூட்டரை, டிஷ் ஆன்டெனா ஒயர் மாட்டிய டி.வி.யோடு இணைக்கும்போது சின்னப் பொறி ஒன்று பறக்கும். இரண்டையும் கரண்டிலிருந்து பிடுங்கிவிட்டு எச்.டி.எம்.ஐயை மாட்டி, அப்புறம் கரண்டில் சொருகினால் இந்தத் தொல்லை இல்லை.

*

யு.பி.எஸ்ஸைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊர் முழுக்க இருக்கிறது. உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று உள்ள சின்ன யு.பி.எஸ், கோப்பைச் சேமித்து மிஷினை முறையாக அணைக்க அவகாசம் தருவதற்கு. வேலையைத் தொடர்வதற்கு இல்லை. நான்கு மணிநேரம் கரண்ட் இல்லாத ஊரில் அதைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் பேட்டரி ஆழமாக இறங்கிப்போகும். திரும்ப முழுதாக ஏற ஆறு எட்டு மணிநேரம் வேண்டும், அவ்வளவு நேரம் கரண்ட் வருவதில்லை. அரைகுறையாக ஏறி அரைகுறையாக இறங்கியே ஈய-அமில பேட்டரி செத்துப்போகும். சூடும் அதற்கு எதிரி. 25 டிகிரியில் நான்கைந்து வருடம் உழைப்பது, ஏப்ரல் மாதத்து மாடி அறையில் பாதிகூட உழைக்காது. பேட்டரி ஊதிப்போய் யு.பி.எஸ் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க வராமல் சிக்கிக்கொண்டதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டாதீர்கள், தாளைச் சூடாக்கும்போது அது இழுக்கிற இழுப்பை யு.பி.எஸ் தாங்காது. இன்னொன்று: யு.பி.எஸ்ஸைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் எல்லாம் அணைந்தது என்று அர்த்தமில்லை. அதன் பின்பக்க ஓட்டைகளில் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டுதான் இருக்கும். பெட்டியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் கம்ப்யூட்டர் ஒயரையே பெட்டியிலிருந்து உருவுங்கள். உருவிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருப்பதும் வடியும். கம்ப்யூட்டர் 'ஆஃப்' ஆக இருந்தாலும் ஒயர் மாட்டியிருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் உயிரோடு இருக்கும். அந்த நிலையில் ரேமைப் பிடுங்கிச் சொருகி ரேமையே சாகடித்த பையன்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள்.

ஜெனரேட்டரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பால்கனியிலோ படிக்கட்டிலோ மூடின இடத்தில் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஓடி நிதானப்பட்ட பிறகு கம்ப்யூட்டரை மாட்டுங்கள், நிறுத்துவதற்கு முன் கழற்றுங்கள். வீட்டு ஒயரிங்கோடு சேர்ப்பதென்றால் தெருக் கரண்டும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேராமல் பார்த்துக்கொள்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் சேர்க்கவே கூடாது; உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே வேலை பார்க்கிற மனிதரைக் கொல்லும்.

*

மழைக்காலம் தனிக் கதை. மே முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் சுவரே வியர்க்கும். அலமாரியில் வைத்த செருப்பில் பூசணம் பூக்கும்போது ரேமின் தங்கப்பூச்சுப் பற்களில் மட்டும் பூக்காதா? ஜூன், ஜூலையில் வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: விசிறி சுற்றுகிறது, திரையில் படம் வரவில்லை, பீப் பீப் என்கிறது. ரேமைக் கழற்றி, பற்களை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவைத்துத் திரும்பச் சொருகினால் பத்துக்கு எட்டு எழுந்துவிடும். பென்சில் ரப்பரால் தேய்க்கிறவர்கள் உண்டு. அவசரத்துக்குப் பரவாயில்லை, வருடாவருடம் தேய்த்தால் தங்கப்பூச்சே போய்விடும். மழைக்காலத்தில் கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைப்பதுதான் அதற்குச் செய்கிற துரோகம். தினம் ஒரு மணிநேரம் ஓடினால் அதன் சூடே உள்ளே உள்ள ஈரத்தைக் காயவைத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே பூட்டுவதற்குச் சமம்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது நனைந்த மிஷின்கள் பலவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்தவை, கரண்டே கொடுக்காமல் அப்படியே கொண்டு வந்தவை. "எரியுதான்னு போட்டுப் பாத்தோம்" என்றவர்களுடையது பெரும்பாலும் பிழைக்கவில்லை. தண்ணீரைவிட, தண்ணீரோடு இருக்கும்போது ஓடுகிற கரண்ட்தான் அரித்துவிடுகிறது. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பலன் இல்லை. பேட்டரி இருந்தால் கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, பிரித்துப் போட்டு நாள்கணக்கில் காயவைக்க வேண்டும்.

நம் தமிழ் ஆட்களின் வீடுகளுக்கும் கோயில்களுக்குமே உரிய ஒரு தூசி உண்டு. ஒரு கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து போகிறது என்றார்கள். திறந்தால் பிராசசர் விசிறிக்கு அடியில் கறுப்பாக, மெழுகு மாதிரிப் பிசுபிசுவென்று ஒரு கம்பளம். கற்பூரம், சாம்பிராணி, நெய் விளக்குப் புகை. எண்ணெய் கலந்த கரி என்பதால் ஊதினாலும் போகாது. சூட்டை வெளியேற்றுகிற உலோகத் துண்டான ஹீட் சிங்கைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து, புதுத் தெர்மல் பேஸ்ட் வைத்தேன். மிஷினைச் சாமி அலமாரிக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். "சாமி பக்கத்துலயே இருக்கட்டும் தம்பி, அதான் பாதுகாப்பு" என்றார் பெரியவர். பிறகு எனக்காக நகர்த்தினார். புளோயரால் தூசி ஊதுகிறவர்கள் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும்.

லேப்டாப் பேட்டரி உப்புவதை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமீபத்தில் ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடியது. டச்பேட் மேலே எழும்பிச் சொடுக்கவே வரவில்லை. அடிமூடியின் திருகைத் தளர்த்தியதும் மூடி தானாகத் துள்ளியது, உள்ளே தலையணை மாதிரிப் பேட்டரி. "ஊசியால ஒரு குத்துக் குத்தி காத்த எடுத்துடலாமா அண்ணே?" என்று கூட வந்த தம்பி கேட்டான். லித்தியம் பேட்டரியைக் குத்தினால் நெருப்பும் நச்சுப் புகையும்தான் வரும். உப்பினது தெரிந்ததும் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள், வளைக்காதீர்கள். கழற்றத் தெரிந்தவரிடம் கழற்றி, மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே, எரிகிற பொருள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். கரண்ட் வந்தபோதெல்லாம் நூறு சதவீதத்தில் நாள் முழுக்கச் சொருகியே வைப்பதும் உஷ்ணமும் சேர்ந்து செய்கிற வேலை இது. பல லேப்டாப்புகளில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வசதி இருக்கிறது, போட்டு வையுங்கள். மதர்போர்டில் இருக்கிற சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் பழையதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் ஒழியுங்கள். விழுங்கினால் இரண்டு மணிநேரத்துக்குள் உணவுக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

யூட்யூப் பார்த்து ரிப்பேர் கற்றுக்கொள்ள வருகிற பையன்களை நான் தடுப்பதில்லை. ரேம், ஹார்ட் டிஸ்க், விசிறி, எல்லாம் கழற்றிப் பழகட்டும். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியின் நான்கு திருகை மட்டும் தொடாதே என்பேன். அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல், புது மாடல்களில் 400 வரை, நேர் மின்சாரம் நிற்கும்; வடிக்கிற ரெசிஸ்டர் கெட்டிருந்தால் ஒயரைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். அதை ரிப்பேர் பண்ணி மிச்சம் பிடிக்கிற காசு பெரிதல்ல, புதிது வாங்கலாம். வாங்கும்போது ஸ்டிக்கரில் இருக்கிற 500 வாட்டை நம்பாதீர்கள், கையில் தூக்கிப் பாருங்கள். காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் உள்ளே சுருளும் ஹீட் சிங்கும் குறைவாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒயரின் தடிமனையும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.